ஜெர்மன் குடியுரிமை: எந்த விசாவில் ஏறினால் எங்கே இறங்குவீர்கள்?

"எந்த விசாவில் போனால் ஜெர்மன் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும்?" ஜெர்மனிக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்: ஏறக்குறைய எல்லா விசாவிலும் ஐந்து ஆண்டுகள். ஆனால் ஒரே விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேலை, ஏறத்தாழ ஒரே சம்பளம். ஒருவர் ஐந்தாம் ஆண்டு முடிந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடுகிறார். மற்றவர் மூன்றாம் ஆண்டு முடிவில் சென்னைக்குத் திரும்பிவிட்டார். மறுபடி வந்தால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு சட்டைப்பையில் இருந்த தங்கும் அனுமதி அட்டை மட்டுமே.

ஆகவே விசாக்களை ஒப்பிடும்போது "எத்தனை ஆண்டு" என்று கேட்டுப் பயனில்லை. மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த அட்டையில் கழியும் காலம் குடியுரிமைக் கணக்கில் சேருமா? விண்ணப்பிக்கும் நாளில் இந்த அட்டை கையில் இருந்தால் ஏற்பார்களா? நம்மவர்கள் பி.ஆர். என்று சொல்லும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இதிலிருந்து எத்தனை மாதத்தில் வரும்? முதல் கேள்விக்கு "ஆம்" என்றும் இரண்டாவதற்கு "இல்லை" என்றும் பதில் வரும் விசாக்கள் உண்டு. சிக்கல்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

சட்டம் இன்று நிற்கும் இடம்

2024 ஜூன் 27 அன்று ஜெர்மனியின் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் என்று இருந்த காத்திருப்பு ஐந்தாகக் குறைந்தது. பழைய குடியுரிமையைத் துறக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஜெர்மனி கைவிட்டது. மொழியிலும் சமூக வாழ்விலும் சிறந்து விளங்குவோருக்கு மூன்றே ஆண்டுகளில் குடியுரிமை என்ற விரைவு வழியும் அப்போது திறந்தது. அந்த விரைவு வழி இப்போது இல்லை. நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்து, 2025 அக்டோபர் இறுதியில் அது சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் "மூன்றே ஆண்டில் ஜெர்மன் பாஸ்போர்ட்" காணொளிகளைக் கண்டால் வெளியான தேதியை முதலில் பாருங்கள். ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கான மூன்று ஆண்டு வழி வேறு. அது அப்படியே இருக்கிறது.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடையாளம் ஐயமற நிறுவப்பட்டிருக்கவேண்டும். ஏ1-இலிருந்து சி2 வரை செல்லும் ஐரோப்பிய மொழித் தர வரிசையில் பி1 என்ற இடைநிலை அளவு ஜெர்மன் தெரியவேண்டும். குடியுரிமைத் தேர்வில் தேறவேண்டும். அரசின் வாழ்வாதார உதவித்தொகை வாங்காமல் சொந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தவேண்டும். கடுமையான குற்றத் தண்டனை இருக்கக்கூடாது. ஜனநாயக அடிப்படை ஒழுங்கை ஏற்பதாகவும், நாஜி ஆட்சியின் கொடுமைகளுக்கு ஜெர்மனி ஏற்றிருக்கும் வரலாற்றுப் பொறுப்பையும் யூதர்களின் வாழ்வைக் காக்கும் கடமையையும் ஏற்பதாகவும் எழுத்தில் உறுதி தரவேண்டும். இவை எந்த விசாவில் வந்தவருக்கும் பொது.

இனி அட்டைகளுக்கு வருவோம்.

ஐ.சி.டி. அட்டை: வசதியான பொறி

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் மென்பொருள் நிறுவனம் தன் ஊழியரை ஜெர்மன் கிளைக்கு அனுப்பும்போது பெரும்பாலும் வாங்கித் தருவது, நிறுவனத்துக்குள் இடமாற்றம் ஆகிறவருக்கான இந்த அனுமதி அட்டையைத்தான். விண்ணப்பத்தையும் காகித வேலைகளையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ஊழியருக்குத் தலைவலி இல்லை. அந்தச் சுகத்தில் யாரும் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

மேலாளர்களுக்கும் நிபுணர்களுக்கும் இதன் உச்ச வரம்பு மூன்று ஆண்டுகள், பயிற்சியாளர்களுக்கு ஓராண்டு. அதன் பிறகு புதிய ஐ.சி.டி. அட்டை வேண்டுமானால் ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டு வரவேண்டும். குடியுரிமைச் சட்டம் எந்தெந்த அட்டைகளோடு விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது, ஐ.சி.டி. அந்தப் பட்டியலில் உள்ளது. மூன்றாண்டு வரம்பையும் இந்தத் தடையையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அட்டையில் இருந்தபடியே குடியுரிமைக்குப் போக வழியில்லை என்பது தெளிவு.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று 2017 மே 1 முதல் நடப்பில் உள்ளது. இந்திய நிறுவனம் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர், வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் சான்று பெற்றுவந்தால், 48 மாதங்கள் வரை ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. கையில் வரும் சம்பளம் கூடுகிறதே என்று மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ஜெர்மனியில் பி.ஆர். வாங்க ஓய்வூதியச் சந்தா கட்டிய மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். மூன்று ஆண்டு ஜெர்மனியில் உழைத்தவரின் கணக்கில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் நிற்கும்.

என்ன செய்யலாம்? ஜெர்மன் நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம், நம்மவர்கள் சொல்வதுபோல் லோக்கல் கான்ட்ராக்ட், வாங்கிக்கொண்டு, பட்டதாரிப் பணியாளர்களுக்கான தங்கும் அனுமதியான ப்ளூ கார்டுக்கு மாறவேண்டும். இந்தப் பேச்சை மேலாளரிடம் முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். அட்டை முடிய மூன்று மாதம் இருக்கும்போது கேட்டால், அவர் நல்லவராகவே இருந்தாலும் காலம் போதாது. இந்திய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்பதையும் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ப்ளூ கார்டு

பட்டம் படித்து வேலைக்கு வருகிறவருக்கு இதைவிட நல்ல அட்டை இப்போதைக்கு இல்லை. மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இது. காலம் எண்ணப்படும், கார்டோடு நேராகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பி.ஆர். பி1 ஜெர்மனோடு 21 மாதங்களில், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதங்களில் கிடைக்கும். ஆறு மாத வித்தியாசத்தின் விலை ஒரு மொழித் தேர்வுதான்.

வாசலில் நிற்கும் காவலாளி சம்பளம். 2026-க்கு ஆண்டுக்கு 50,700 யூரோ இருக்கவேண்டும். தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் தட்டுப்பாடுள்ள துறைகளிலும், பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 45,934 யூரோ 20 சென்ட் போதும். இந்தத் தொகை ஓய்வூதியக் காப்பீட்டின் சம்பள உச்சவரம்பில் இத்தனை விழுக்காடு என்று வகுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்; 2025-இல் இது முறையே 48,300 யூரோவும் 43,759 யூரோ 80 சென்டும். நவம்பரில் வேலைக் கடிதம் வாங்கி ஜனவரியில் விண்ணப்பிப்பவர் புதிய வரம்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சில நூறு யூரோ குறைவால் ஒரு விண்ணப்பம் திரும்புவது எரிச்சலான காரியம்.

பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையானதா என்பதை அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பார்ப்பார்கள். இங்கே ஒரு சின்னக் குறிப்பு. கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டு "இல்லையே" என்று பதறாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் தந்தது பல்கலைக்கழகம். சான்றிதழின் தலைப்பில் இருக்கும் பெயரைத்தான் தேடவேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறையில் பட்டம் இல்லாமலேயே, கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு தக்க அனுபவம் காட்டி ப்ளூ கார்டு பெறவும் இப்போது வழியுண்டு.

கார்டு வாங்கிய முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வேலை போய்விட்டால் இரண்டு வாரத்துக்குள் சொல்லவேண்டும். பயத்தில் மறைத்துவைப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். கணவன் அல்லது மனைவியை அழைத்துவர அவருக்கு ஜெர்மன் தெரிந்திருக்கவேண்டியதில்லை. வந்ததும் வேலை செய்யலாம்.

திறன் பணியாளர் அனுமதி

ப்ளூ கார்டின் சம்பள வரம்பை எட்டாத பட்டதாரிகளுக்கும், தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கும் இது. வேலை கிடைத்தால் போதும்; 45 வயதுக்குட்பட்டவர்களுக்கு ப்ளூ கார்டு போன்ற நிலையான சம்பள வரம்பு இல்லை. காலம் எண்ணப்படும், இதோடு விண்ணப்பிக்கலாம். பி.ஆர்.தான் கொஞ்சம் தாமதம்: மூன்று ஆண்டு அனுமதி, 36 மாத ஓய்வூதியச் சந்தா, பி1. ஜெர்மனியிலேயே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்தவர்களுக்கு இது இரண்டு ஆண்டும் 24 மாதமுமாகக் குறைகிறது. சம்பளம் பின்னர் ப்ளூ கார்டு வரம்பைத் தாண்டினால் உடனே மாறிக்கொள்ளுங்கள்.

மாணவர் விசா: எண்ணுவார்கள், ஏற்கமாட்டார்கள்

முதலில் சொன்ன இடைவெளிக்கு இதுதான் சரியான உதாரணம். மாணவராகக் கழித்த ஆண்டுகள் குடியுரிமைக் கணக்கில் முழுதாகச் சேரும். ஆனால் மாணவர் அனுமதியோடு விண்ணப்பிக்க முடியாது. படிப்பு முடிந்ததும் வேலை தேடத் தரும் 18 மாத அனுமதியோடும் முடியாது. பொதுவான ஐந்தாண்டு பி.ஆர். கணக்கிலோ படித்த காலத்தைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரே நான்கு ஆண்டு, ஒரு மேசையில் நான்கு, அடுத்த மேசையில் இரண்டு. இரண்டு சட்டங்களும் வேறு என்பதால் வரும் குழப்பம் இது.

கணக்காகப் பார்ப்போம். ஒரு பெண் 2021 அக்டோபரில் முதுகலைக்கு வருகிறார். 2023 அக்டோபரில் முடிக்கிறார். 2024 ஜனவரியில் வேலையும் ப்ளூ கார்டும் கிடைக்கின்றன. கையில் பி1 இருந்தால் 21 மாதம் கழித்து, 2025 அக்டோபரில், பி.ஆர். வாங்கலாம். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஐந்து ஆண்டு நிறைகிறது, குடியுரிமை விண்ணப்பம். இதே வேலைக்கு இந்தியாவிலிருந்து 2024 ஜனவரியில் நேராக ப்ளூ கார்டில் வந்தவர் 2029 ஜனவரி வரை காத்திருக்கவேண்டும். படித்து வந்தவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னே நிற்கிறார்.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுக்குச் செலவு இருக்கிறது. விசாவுக்கு, மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டவேண்டும். இந்திய மாணவர்கள் சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஏ.பி.எஸ். சான்று பெறுவது 2022 நவம்பர் முதல் கட்டாயம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். அதை நம்பி மட்டும் முனிக்கில் வாடகை கொடுக்க முடியாது. ஐந்து ஆண்டு அனுபவமும் நல்ல சம்பளமும் உள்ளவர் குடியுரிமைக்காக மட்டும் மறுபடி மாணவராவது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி முடித்த கையோடு போகிறவருக்கு இது சிறந்த வழி.

தொழிற்பயிற்சியும் செவிலியர்களும்

அவுஸ்பில்டுங் எனப்படும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி நம் ஊரில் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. "பி.இ. படித்துவிட்டு அங்கே போய் மறுபடி பயிற்சியா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. பயிற்சியின்போதே உதவித்தொகை வரும், ஓய்வூதியச் சந்தாவும் பிடிப்பார்கள். மூன்று ஆண்டு பயிற்சி, இரண்டு ஆண்டு வேலை; ஐந்தாம் ஆண்டு முடிவில் குடியுரிமைக்கும் பி.ஆருக்கும் ஒரே சமயத்தில் தகுதி. பயிற்சி முடித்து இரண்டு ஆண்டில் மொழி மிக நன்றாக வந்துவிடும் என்பது கூடுதல் லாபம். பயிற்சி அனுமதியோடு விண்ணப்பிக்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பணியாளர் அனுமதிக்கு மாறிய பின்பே கதவு திறக்கும்.

இந்தியாவில் படித்த செவிலியர்களுக்கு இன்னொரு கட்டம் உண்டு. தகுதி முழுதாக அங்கீகரிக்கப்படும்வரை அவர்கள் இருப்பது அங்கீகார அனுமதியில். அதோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. திறன் பணியாளருக்கான மூன்றாண்டு பி.ஆர். கணக்கிலும் அது சேராது. அங்கீகாரத் தேர்வைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கைத் தள்ளிப்போடுகிறது. முகவர் "வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், எந்த அட்டையில் அழைத்துப் போகிறார் என்று எழுதி வாங்குங்கள்.

மற்றவை

வாய்ப்பு அட்டை 2024 ஜூன் 1 முதல் வழங்கப்படுகிறது. மொழி, அனுபவம், வயது போன்றவற்றுக்கு ஆறு புள்ளிகள் சேர்த்தால் ஓராண்டு தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். இதை ஒரு நுழைவுச் சீட்டாக மட்டும் பாருங்கள். வேலை கிடைத்தவுடன் ப்ளூ கார்டு அல்லது பணியாளர் அனுமதிக்கு மாறவேண்டும். கிடைக்காவிட்டால் கையிருப்பு கரைந்து திரும்பவேண்டும்.

சுயதொழில் செய்கிறவர்களும் கலைஞர்களும் ஐந்து ஆண்டில் விண்ணப்பிக்கலாம். அவர்களை வாட்டுவது வருமான நிரூபணமும் முதுமைக்காலச் சேமிப்புக்கான சான்றும். வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

ஜெர்மன் குடிமக்களை மணந்தவர்களுக்கு மூன்று ஆண்டு வசிப்பும் இரண்டு ஆண்டு மணவாழ்வும் போதும். மொழி, வருமான நிபந்தனைகள் இவர்களுக்கும் உண்டு. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணையாக வந்தவர்கள் இந்த வழியில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் பொதுக் கணக்குதான். ஆனால் துணைவர் அனுமதியோடு விண்ணப்பிக்கத் தடையில்லை. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது ஐந்து ஆண்டு நிறையாத துணைவரையும் அதிகாரி தம் விருப்புரிமையில் சேர்த்துக்கொள்ளலாம். பி1-ஐ அவரும் தனியே முடிக்கவேண்டும். கணவர் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகளின் பள்ளியிலும் கடையிலும் ஜெர்மன் பேசிப் பழகிய மனைவி முதலில் தேறிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

ஈழத்திலிருந்து 1980-களில் தஞ்சம் கோரி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்தச் சட்டத்தின் வேறொரு முகத்தைக் கண்டவர்கள். 2002-இல் குடமுழுக்கு கண்ட ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேருக்கு வரும் கூட்டத்தில் ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஏராளம். தஞ்ச வழியில் முக்கியமான வேறுபாடு இது: அகதியாக அங்கீகரிக்கப்பட்டவருக்கு விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்ட காலமும் எண்ணப்படும், துல்டுங் என்ற தற்காலிகச் சகிப்புக் காகிதத்தில் கழியும் காலம் எண்ணப்படாது. பல ஆண்டுகள் அந்தக் காகிதத்தில் இருந்தவர்கள் வழக்கறிஞரின் துணையோடுதான் அடுத்த அடி வைக்கவேண்டும்.

இனி படிப்படியாக

புறப்படும் முன். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். தந்தை பெயர் முதலெழுத்தாக ஒன்றில், முழுப்பெயராக மற்றொன்றில், குடும்பப்பெயர்க் கட்டத்தில் தன் பெயரே இன்னொன்றில் என்று இருந்தால் ஜெர்மன் அதிகாரிக்கு மூன்று பேர் தெரிவார்கள். அடையாளம் ஐயமற நிறுவப்படவேண்டும் என்ற நிபந்தனை ஐந்து ஆண்டு கழித்து இங்கே வந்து உதைக்கும். ஊரில் இருக்கும்போதே திருத்தினால் ஒரு வாரம். ஜெர்மனியிலிருந்து திருத்தினால் ஒரு விடுமுறை முழுவதும் தாலுகா அலுவலகத்தில் போய்விடும்.

முதல் மாதம். வீட்டு முகவரியைப் பதிவு செய்யுங்கள். நாட்டுக்குள் வந்த தேதி, அட்டைகள் மாறிய தேதிகள், வெளியே போய்வந்த பயணங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். பழைய அட்டைகளின் இருபக்க நகல் எடுத்துவைக்காமல் புதியதை வாங்காதீர்கள்; அலுவலகம் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

முதல் ஆண்டு, மொழி. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பெர்லின் மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டும் ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம். ஐந்தாம் ஆண்டு பி1 இல்லாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கப்படும் கோத்தே நிறுவனத்தில் ஏ2 முடித்துவிட்டே ஏறினால் பி1 ஓராண்டில் வந்துவிடும். பி.ஆரை ஆறு மாதம் முன்னதாகத் தரும் அதே சான்றிதழ்தான் குடியுரிமைக்கும்.

இரண்டாம் ஆண்டு, தேர்வு. 300 பொதுக் கேள்விகளும் உங்கள் மாநிலம் பற்றிய 10 கேள்விகளும் விடையோடு முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து 33 கேள்விகள், ஒரு மணி நேரம், கட்டணம் 25 யூரோ. குடியுரிமைக்கு 17 சரியாக இருந்தால் போதும். பி.ஆருக்கு 15 போதும். ஆனால் 17 எடுத்துவிட்டால் அந்தச் சான்று இரண்டுக்கும் உதவும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலை மனப்பாடம் செய்து தேறியவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. உள்ளூர் மக்கள் கல்விக்கூடங்களில் தேர்வு நடக்கும். இடம் கிடைக்கத்தான் காத்திருக்கவேண்டும்.

பி.ஆர். வாங்குங்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும். ப்ளூ கார்டிலிருந்து நேராகக் குடியுரிமைக்குப் போகலாமே, 113 யூரோ கட்டி இடையில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு காரணம். வேலை போனாலும் தங்கும் உரிமை போகாது. குடியுரிமைக் கோப்பு ஓராண்டுக்கும் மேல் அலுவலகத்தில் தூங்கும் நகரங்களில் இது சிறிய நிம்மதி அல்ல. இரண்டாவது காரணம் குழந்தை. பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்து, பிள்ளை பிறக்கும் நாளில் காலவரையற்ற தங்கும் உரிமையும் வைத்திருந்தால், அந்தப் பிள்ளை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். ஐந்து ஆண்டு ஆகியும் ப்ளூ கார்டு மட்டும் வைத்திருந்தால் அந்த உரிமை கிடையாது.

வெளியூர்ப் பயணத்தில் கவனம். குடியுரிமைக் கணக்கு ஆறு மாதம் வரையிலான பயணத்தால் அறுபடாது. பொதுவான பி.ஆர். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய் எட்டு மாதம் தங்க நேரலாம். போகும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் நீட்டிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள்.

விண்ணப்பம். பெரியவர்களுக்கு 255 யூரோ, சேர்ந்து விண்ணப்பிக்கும் சிறு பிள்ளைகளுக்கு 51. சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், வேலைச் சான்று, பி1, தேர்வுச் சான்று, பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்பார்கள். பழைய தண்டனை எதையும் மறைக்காதீர்கள். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போய்ப் பிடிபட்டு அது வழக்காகி அபராதம் விழுந்திருந்தால்கூடச் சொல்லுங்கள். 90 நாள் வருமானத்துக்கு மேற்படாத சிறு அபராதம் பொதுவாகத் தடையாகாது, மறைத்தது தடையாகும். 2024-இல் மட்டும் 2,91,955 பேர் ஜெர்மன் குடியுரிமை பெற்றார்கள்; கோப்புகள் ஏன் குவிகின்றன என்று இதிலிருந்து புரியும். மூன்று மாதம் எந்தக் காரணமும் இல்லாமல் அசைவே இல்லாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மை வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞரின் கடிதம் போன அடுத்த மாதம் கோப்பு நகர்வதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை, ஆனால் இரண்டு ஆண்டு காத்தவரிடம் பொறுமை பேச எனக்குத் தகுதியும் இல்லை.

கடைசிப் படி, இந்தியப் பாஸ்போர்ட். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்கும் கணத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம். பெர்லினில் உள்ள தூதரகத்திலோ ஃபிராங்க்ஃபர்ட், முனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிலோ அதை ஒப்படைத்துச் சான்று வாங்கி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஓ.சி.ஐ. வாழ்நாள் விசா, வாக்குரிமை இல்லை.

நிலம் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் இப்போதே அதே தடைதான், பலருக்கு அது தெரிவதில்லை. தாத்தாவின் நஞ்சை வாரிசாக வந்தால் பெற்றுக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். இலங்கைக் குடிமக்களின் நிலை வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் தானாக வராது. ஜெர்மன் குடியுரிமை ஏற்கும் முன்பே தக்கவைக்க விண்ணப்பிக்கலாம், அல்லது இழந்த பின் மீட்க விண்ணப்பிக்கலாம்.

குடியுரிமைச் சான்றிதழ் கையில் வந்த நாளிலிருந்து ஜெர்மன் பாஸ்போர்ட் வர சில வாரம், ஒப்படைப்புச் சான்றுக்கு இன்னும் சில வாரம், ஓ.சி.ஐ.க்கு அதற்கு மேலும். இந்த இடைவெளியில் இந்தியாவுக்குப் போக எந்தப் பாஸ்போர்ட்டும் உதவாத சில வாரங்கள் உண்டு. ஆகவே பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு டிசம்பரில் சான்றிதழ் வாங்கப் போகாதீர்கள். அலுவலகத்தில் தேதி கேட்கும்போது பிப்ரவரி என்று சொல்லுங்கள், கொடுப்பார்கள்.